தூமாரின் கால் கயிறு

எனக்குப் பேரப்பிள்ளைகள் ஐந்து பேர். அதில் நான்கு பேருடைய கால் கயிற்றை அறுத்தது என் ஓரகத்தி சைராவும் அவள் பெற்ற பிள்ளையும்தான். இதை நான் யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை. சொன்னால், இதில் என்ன இருக்கிறது என்பார்கள். என்ன இருக்கிறது என்று எனக்கல்லவா தெரியும்.

எங்கள் வழக்கப்படி, குழந்தை பிடித்துக்கொண்டு நிற்கத் தொடங்கியதும், கறுப்பும் வெள்ளையுமாக முறுக்கிய கம்பளிக் கயிற்றை அதன் இரண்டு கணுக்காலிலும் சுற்றிக் கட்டுவோம். சொந்தபந்தம் எல்லாம் கூடும். தூரத்திலிருந்து ஓட்டப்பந்தயம். முதலில் வந்து குழந்தையைத் தொடுகிறவர் கையில் கத்தியைக் கொடுப்போம். அவர் கயிற்றை அறுத்ததும் குழந்தை நடக்கும். அறுத்தவருடைய குணம் அதற்கு வரும். வராது என்று சொல்கிற படித்தவர்கள் என் வீட்டுக்கு வந்து பார்க்கட்டும். என் மூத்த பேரனின் கயிற்றை அறுத்தவன் சைராவின் கடைசி மகன். மத்தியானம் வரை தூங்குகிற ஜென்மம். என் பேரனுக்கு இப்போது பதினாறு வயது. பத்து மணிக்கு முன்னால் அவன் கண் திறந்து பார்த்தவர்கள் எங்கள் தெருவில் கிடையாது.

மற்ற மூன்று பேருக்கும் சைராவே ஓடி வந்து அறுத்தாள். மூன்றும் அவளைப் போலவே வாயாடிகள். அவளைப் போலவே எதற்கெடுத்தாலும் சிரிப்பு. அவள் எங்கே இருக்கிறாளோ அங்கேதான் இருப்பார்கள். இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்றால், வீட்டுக்குப் பெரியவள் என்ற முறையில் குழந்தையைப் பிடித்துக்கொண்டு, பந்தயம் முடிகிற கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றேன். கௌரவமான வேலை என்று நினைத்துத்தான் நின்றேன். நான்கு தடவை பிடித்துக் கொடுத்தேன், நான்கு தடவையும் அவர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள்.

சைரா வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு வாய்க்கால்தான். ஒரு எட்டு வைத்தால் தாண்டிவிடலாம். அந்த வாய்க்காலை அகலமாக வெட்டித் தொலைக்காத என் மாமனாரை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

ஜூலை பிறந்ததும் பிள்ளைகள் நகரத்திலிருந்து ஏரிக்கரைக்கு வந்துவிடுவார்கள். என்னுடையவர்கள் ஐந்து, சைராவுக்கு ஏழு, நாத்தனார் வழிப் பிள்ளைகள் வேறு. முதல் நாள் என்னுடையவர்கள் என் வீட்டில் இருப்பார்கள். அபா, அதாவது பாட்டி, என்று கூப்பிட்டுக் கன்னத்தில் முத்தம் கொடுப்பார்கள், வெண்ணெய் தொட்டு ரொட்டி தின்பார்கள், பள்ளிக்கூடத்தில் வாங்கிய மார்க்கைச் சொல்வார்கள். இரண்டாம் நாள் காலையில் எழுந்து பார்த்தால் வாசலில் ஒரு செருப்புகூட இருக்காது. எல்லாச் செருப்பும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கிடக்கும்.

நான் சும்மா இருந்தேன் என்று நினைக்க வேண்டாம். போன வருடம் என் இளைய மகன் தாலாயிடம் சொல்லி, ஊதி நிரப்புகிற நீச்சல் தொட்டி ஒன்று வாங்க வைத்தேன்.

"அம்மா, முந்நூறு அடியில ஏரி இருக்கு. கடல் மாதிரி ஏரி. இதுல தொட்டி எதுக்கு?" என்றான்.

"ஏரி எல்லாருக்கும் பொது. தொட்டி நம்மளோடது" என்றேன்.

வாங்கி வந்தான். ஊதினோம். தண்ணீர் பிடித்தோம். பிள்ளைகள் ஒரு மணி நேரம் குதித்தார்கள். பிறகு, இங்கே வெயில், சைரா அபா வீட்டில் வாதுமை மர நிழல் இருக்கிறது என்று சொல்லித் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு, எல்லாருமாகச் சேர்ந்து தொட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வாய்க்காலைத் தாண்டினார்கள். நான் காசு கொடுத்து வாங்கிய தொட்டி. அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.

எண்ணெயில் பொரிக்கிற எங்கள் மாவு உருண்டையையும் சொல்ல வேண்டும். போர்சோக் என்போம். நான் பாலும் முட்டையும் வெண்ணெயும் போட்டுப் பிசைவேன். சைரா கஞ்சப்பிசினாறி, வெறும் தண்ணீரும் உப்பும்தான். என் மகள் வயிற்றுப் பேரன் சமத், ஆறு வயது, என் எதிரில் உட்கார்ந்து நான் பொரித்ததைப் பிய்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"அபா, இதுக்குள்ள ஒண்ணுமே இல்லையே."

"மாவு இருக்குடா. வெண்ணெய் இருக்கு."

"சைரா அபா சுடுறதுல உள்ள காத்து இருக்கும். ஊதுனா ஓட்ட வழியா வெளிய வரும். இதுல ஊத முடியல."

காற்றுக்குப் போட்டியாக நான் என்ன பிசைவது?

இதையெல்லாம்கூட விட்டுவிடலாம். போன நோன்புப் பெருநாளில் நடந்ததை மட்டும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. செம்மறியை வேகவைத்து எலும்பு எலும்பாகப் பிரித்து வைக்கும்போது யாருக்கு எது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. வால்பக்கத்துக் கறி அந்த வீட்டின் மூத்த பெண்ணுக்கு. பரிமாற வந்தவன் என் புது மருமகன், மகளின் இரண்டாவது புருஷன். அறைக்குள் பார்த்திருக்கிறான். ஒருத்தி சுவரோரத் தலைமையிடத்தில், மடியில் ஒன்று, தோளில் ஒன்று, முதுகில் ஒன்று என்று பிள்ளைகள் சூழ உட்கார்ந்திருக்கிறாள். இன்னொருத்தி கதவுப்பக்கம் தனியாகத் தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். மூத்தவள் யார் என்று அவனே முடிவு செய்துகொண்டு வால்பக்கத்துக் கறியைச் சைரா முன்னால் வைத்துவிட்டான். எனக்கு வந்தது முதுகெலும்புத் துண்டு, வேலைக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுப்பது.

சைரா உடனே தட்டை மாற்றி என் முன்னால் வைத்தாள். "அய்யோ, என்ன இது! அக்கா இருக்கும்போது எனக்கா?" என்று தானே வெட்கப்பட்டுச் சிரித்தாள். அவள் தின்றிருந்தால் எனக்கு இத்தனை எரிந்திருக்காது. அவளிடம் உள்ள பெரிய கொடுமையே இதுதான். நாற்பத்து மூன்று வருடமாக ஒரு குற்றம் சொல்ல எனக்கு இடம் கொடுத்ததில்லை.

இந்த ஜூலையில் மிச்சம் இருந்தவள் தூமார். தாலாயின் மகள், பதின்மூன்று மாதம். முட்டைக்கண், கோபம் வந்தால் கீழுதட்டைப் பிதுக்குவாள். இவளுக்குப் பிறகு இனி இல்லை என்று என் மருமகள் பெர்மெத் சொல்லிவிட்டாள். ஆக, என் குணத்தோடு, என் பக்கத்தில் உட்கார இந்த உலகத்தில் எனக்கு இருந்த கடைசி வாய்ப்பு அந்த முட்டைக்கண்ணிதான்.

கயிறு அறுக்கும் விருந்துக்குப் பதினோரு நாள் இருக்கும்போது, பெர்மெத் சமையலறையில் தன் அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் ஒட்டுக் கேட்கவில்லை, ஜன்னலுக்கு வெளியே சும்மா நின்றேன்.

"பொம்பளைங்க பந்தயத்துல யாரும்மா, சைரா அபாதான் எப்பவும் முதல்ல வருவாங்க. வரட்டும், அவங்க குணம் வந்தா நல்லதுதானே. அது ஒரு தங்கம்" என்றாள்.

கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்துப் பேச்சைக் கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "இல்லம்மா, எங்க மாமியார் ஓட மாட்டாங்க. அவங்களுக்கு முட்டி வலி" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. எனக்கு வயசு அறுபத்தேழு, காது நன்றாகக் கேட்கும்.

அன்றைக்கே தீர்மானித்தேன், ஓடுவது என்று.

மறுநாள் விடியும்போதே எழுந்தேன். முட்டி இரண்டிலும் ஆட்டு வால் கொழுப்பைச் சூடு பறக்கத் தேய்த்தேன். செத்துப்போன என் புருஷனின் கான்வாஸ் ஷூவை இரண்டு ஜோடிக் காலுறை போட்டு மாட்டிக்கொண்டேன். பாவாடையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, வீட்டுக்குப் பின்னால் ஆப்ரிகாட் மரங்களுக்கு நடுவில் ஓடிப் பார்த்தேன். முதல் நாள் ஒன்பது மரம் வரைதான் முடிந்தது. மாடு மேய்வதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தது. மூன்றாம் நாள் பதினைந்து மரம். ஐந்தாம் நாள் இருபது.

ஆறாம் நாள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பால் வாளியோடு சைரா நின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா! என்ன இந்த நேரத்துல ஓடிட்டு இருக்கீங்க?"

சட்டென்று வாயில் வந்ததைச் சொன்னேன். "கன்னுக்குட்டி அவுத்துக்கிட்டு ஓடிருச்சு சைரா."

"அடப்பாவமே! இருங்க, நானும் வர்றேன்!"

வாளியை அப்படியே வைத்துவிட்டுப் பாவாடையைக்கூடத் தூக்கிப் பிடிக்காமல் ஒரே பாய்ச்சலில் வாய்க்காலைத் தாண்டினாள். என் கன்றுக்குட்டி கொட்டிலுக்குள் அசை போட்டுக்கொண்டிருந்தது. நான் கொட்டில் கதவை மறைத்து நின்றுகொண்டு, "அந்தப் பக்கம் போச்சு" என்று ரோட்டைக் காட்டினேன். அவள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது. அறுபத்து மூன்று வயதுக்காரி ஓடுகிற ஓட்டமா அது!

அரை மணி நேரம் கழித்து, வேர்த்து விறுவிறுத்து, ஒரு கன்றுக்குட்டியைக் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

"கெடைச்சிருச்சுக்கா! பள்ளிவாசல் பின்னாடி நின்னுட்டு இருந்துச்சு. மொரட்டுப்பய, முட்ட வந்தான்!"

அது என்னுடையது இல்லை. என்னுடையது சிவப்பு, இது வெள்ளைப் புள்ளி. நன்றி சொல்லி வாங்கிக் கட்டினேன். மத்தியானம் கன்றுக்குச் சொந்தக்காரன் வந்து தெருவில் நின்று, வயசான காலத்தில் திருட்டுப் புத்தி எதற்கு என்று கத்திவிட்டுப் போனான். சைராதான் ஓடி வந்து, தப்பு தன்மேல், இருட்டில் நிறம் தெரியவில்லை என்று அவனைச் சமாதானப்படுத்தி ஒரு கிண்ணம் தயிர் கொடுத்து அனுப்பினாள். அதற்கும் நான்தான் நன்றி சொல்ல வேண்டியிருந்தது.

விருந்து நாள் வந்தது. தெருவையே அடைத்து எங்கள் ஆட்கள். மரத்தடியில் பெரியவர்களுக்குக் கம்பளம் விரித்து, மேலே மெத்தை போட்டு, நடுவில் விரிப்பில் ஆப்ரிகாட்டும் ரொட்டியும் பாலாடையும் குவித்திருந்தோம். பின்கட்டில் இரண்டு செம்மறி வெந்துகொண்டிருந்தது. சைராவின் புருஷன் துர்து, என் கொழுந்தன், மைக்கைப் பிடித்துக்கொண்டு அறுவை ஜோக்குகளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். எங்கள் வாசலிலிருந்து பாப்லர் மரம் வரை நூறு தப்படி. மரத்தடியில் சுண்ணாம்புக் கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் பெர்மெத் தூமாரைக் கட்டிய காலோடு பிடித்து நிறுத்தியிருந்தாள்.

முதலில் பிள்ளைகள் ஓடினார்கள். எங்கள் குடும்ப வழக்கத்தில் பிள்ளைகளுக்குப் பரிசு மட்டும்தான், கத்தி பெரியவர்களுக்கு, பெண் குழந்தை என்றால் பெண்களுக்கு மட்டும். சமத் கடைசியாக வந்து அழுதான். பிறகு துர்து மைக்கில் அறிவித்தான்.

"அடுத்து பொம்பளைங்க! பல் இருக்கறவங்க இல்லாதவங்க எல்லாரும் வரலாம்! பெர்மெத், கத்தியை எடுத்து வச்சுக்கம்மா. ஆறு பேரு நிக்கறாங்க. ஆறுல நம்ம வீட்டுக் குதிரையும் உண்டு!"

சைரா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் மெத்தையிலிருந்து எழுந்து, தலைத்துணியைப் பின்னால் இழுத்துக் கட்டிக்கொண்டு, போய் அவள் பக்கத்தில் நின்றேன்.

"ஏழு பேரு" என்றேன்.

தெருவே திரும்பிப் பார்த்தது. தூரத்தில் பெர்மெத் எழுந்து நின்று, "அபா, நீங்களா? முட்டி என்னாகும்?" என்று கத்தினாள். துர்து மைக்கைக் கீழே இறக்கி, "அண்ணி, டாக்டர் யாரும் இன்னைக்கு விருந்துக்கு வரலை" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். சைரா மட்டும் சிரிக்கவில்லை. என் ஷூவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "நல்லா இறுக்கிக் கட்டிக்கங்க அக்கா, இடது கால்ல முடிச்சு அவுந்திருக்கு" என்றாள்.

குனிந்து கட்டினேன். கட்டும்போதும் எரிச்சல்தான்.

துர்து ஒரு தலைத்துணியை வீசிச் சைகை காட்டினான். ஓடினோம்.

முதல் இருபது தப்படிக்குள் நான்கு பேர் பின்தங்கிவிட்டார்கள், ஒருத்தி சிரித்துச் சிரித்து ஓட முடியாமல் உட்கார்ந்தேவிட்டாள். எனக்கு முன்னால் சைரா. பத்து நாள் கொழுப்புத் தேய்த்ததற்கு முட்டி சத்தியமாக உழைத்தது. ஆனாலும் எனக்கும் அவளுக்கும் நடுவில் நான்கு தப்படி. அவள் முதுகுதான் தெரிந்தது. நாற்பத்து மூன்று வருடமாக அந்த முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியது. மூச்சு இரைத்தது. மூன்று தப்படி ஆனது. அதற்கு மேல் குறையவில்லை.

அப்போதுதான் சமத் ஓடி வந்தான். தோற்ற வருத்தத்தில், எங்களோடாவது ஓடி ஜெயிக்கலாம் என்று நினைத்தானோ என்னவோ, கூட்டத்திலிருந்து பிய்த்துக்கொண்டு பாதைக்குள் நுழைந்தான். சைராவுக்கு முன்னால் வந்ததும் கல் தடுக்கி விழுந்து உருண்டான். வீல் என்று கத்தினான்.

சைரா நின்றாள்.

நான் நிற்கவில்லை. அவன் என் பேரன், என் மகள் பெற்றவன், அவன் முழங்காலில் ரத்தத்தைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் பாவாடையை இரண்டு கையாலும் தூக்கி அவன்மேல் ஒரே தாண்டாகத் தாண்டினேன். அந்த வயதில் அப்படித் தாண்ட முடியும் என்று எனக்கே தெரியாது. கூட்டம் ஹோவென்று கத்தியது. எதற்குக் கத்தியது என்று யோசிக்கவில்லை. கோட்டைத் தாண்டி விழுந்து தூமாரின் தலையைத் தொட்டேன்.

ஜெயித்துவிட்டேன். மூச்சு வாங்கி நிமிர்ந்து பார்த்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லாருடைய கண்ணும் சைரா மேல். அவள் சமத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஏதோ சொல்லி அவனைச் சிரிக்க வைத்தபடி நடந்து வந்தாள். வந்து கோட்டுக்குப் பக்கத்தில் கம்பளத்து ஓரத்தில் உட்கார்ந்து, அவனை மடியில் போட்டு, தலைத்துணியின் நுனியை எச்சிலில் நனைத்து முழங்காலைத் துடைத்தாள். ஜெயித்தாலும் தோற்றாலும் பார்க்கிற கண்ணெல்லாம் அவளைத்தான் பார்க்கும் என்றால் மனுஷி என்னதான் செய்வது?

துர்து வந்து பெர்மெத்திடமிருந்து கத்தியை வாங்கி என் கையில் கொடுத்தான். பெர்மெத் குழந்தையை நீட்ட வேண்டும். நீட்டினாள், ஆனால் அவள் விரல்கள் தூமாரின் விலாவை விடவில்லை. அவள் முகத்தை நான் பார்த்தேன். மரியாதை தெரிந்த பெண். மனசுக்குள் அவள் என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்டது.

குனிந்தேன். கயிறு தடிப்பாக இருந்தது, இரண்டு இழுப்பு இழுத்து அறுத்தேன்.

"வாழ்த்துங்க அண்ணி" என்றான் துர்து. "என்னைய மாதிரி ஓடுன்னு சொல்லுங்க."

"என்னைய மாதிரி ஓடு" என்றேன்.

"என்னைய மாதிரி இரு. அதையும் சொல்லணும்."

அது வாயில் வரவில்லை. பத்து நாள் விடியற்காலையில் எழுந்து ஓடியது இந்த மூன்று வார்த்தையைச் சொல்லத்தான். இப்போது அந்த முட்டைக்கண் என்னையே நிமிர்ந்து பார்க்கிறது. என்னைப் போல என்றால் எதைப் போல? ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்பதா? அடுத்தவள் வாசலில் எத்தனை செருப்பு என்று எண்ணுவதா? விழுந்த பிள்ளையைத் தாண்டுவதா? எனக்கு வெட்கமாக இருந்தது. ஊரே காத்திருந்தது.

"என்னைய மாதிரி இரு" என்று கசப்பு மருந்தை விழுங்குவதுபோல அவசரமாகச் சொல்லிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டேன்.

தூமார் நின்றாள். ஆடினாள். ஒரு எட்டு வைத்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். நான் மண்டியிட்டு இரண்டு கையையும் விரித்தேன். அவள் என்னைத் தாண்டிப் போனாள். இரண்டு, மூன்று, நான்கு. விழுந்து, எழுந்து, மறுபடியும். நேரே சைராவிடம்.

இதுவும் போச்சு என்று நினைத்தேன்.

சைராவின் மடியில் சமத் இருந்தான். தூமார் அவன் முன்னால் போய் நின்றாள். அவனை மேலும் கீழும் பார்த்தாள். கீழுதடு பிதுங்கியது. சட்டென்று இரண்டு கையாலும் அவன் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். அவன் அலற, இவளும் அலறினாள். விடவில்லை. எழுந்திரு, அந்த இடம் எனக்கு என்று பேசத் தெரியாத பிள்ளை எப்படிச் சொல்லுமோ அப்படிச் சொன்னாள்.

தெரு குலுங்கிச் சிரித்தது. துர்துவுக்கு மைக்கைப் பிடிக்க முடியவில்லை. "அய்யோ, அதுக்குள்ள ஒட்டிக்கிச்சே! இப்பத்தானே அறுத்தாங்க!"

"அக்கா!" என்று சைரா மயிரை விடுவித்துக்கொண்டே கத்தினாள். "உங்க பேத்திதான்! சந்தேகமே இல்ல!"

ஆக, அவளுக்கும் தெரியும். எத்தனை வருடமாகத் தெரியுமோ. ஊருக்கே தெரியும்போல, பெர்மெத்கூடத் தலைத்துணியால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். எனக்கு முகம் சுட்டது. ஆனால் அந்தக் குழந்தையின் அழுகை எனக்குப் புரிந்தது. அங்கே இருந்த நூறு பேரில் எனக்கு மட்டும்தான் புரிந்தது. அது அடியால் வந்த அழுகை இல்லை, பசியும் இல்லை. எழுந்து போய்க் கம்பளத்தில் சைராவுக்கு எதிரில் உட்கார்ந்தேன்.

"சமத், கண்ணு, இங்க வாடா. பாப்பாவுக்கு அந்த மடியைக் குடு. அபா மடிக்கு வா."

சமத் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தான்.

"வர மாட்டேன். நான் விழுந்தேன். நீ என்னைத் தாண்டிப் போயிட்ட."

சிரிப்பு நின்றுவிட்டது. என் மகள் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சைரா, "அபா பாக்கலடா, வேகத்துல தெரியல" என்று எனக்காகப் பொய் சொல்ல ஆரம்பித்தாள். அந்தப் பொய்யையும் அவளிடமிருந்து வாங்கிக்கொள்ள எனக்கு மனசில்லை.

"பாத்தேன்டா" என்றேன். "பாத்துட்டுத்தான் தாண்டினேன். கத்தி எனக்கு வேணும்னு தாண்டினேன். தப்புதான்."

அவன் மூக்கை உறிஞ்சினான்.

"எவ்வளவு உயரம் தாண்டுன?"

"என்னது?"

"நான் கீழ படுத்திருந்தேன், எனக்குச் சரியாத் தெரியல. என் மேல எவ்வளவு உயரத்துல போன?"

கையைக் கம்பளத்திலிருந்து உயர்த்திக் காட்டினேன். கொஞ்சம் கூட்டித்தான் காட்டினேன்.

"பொய்."

"வேணும்னா தாலாய் மாமாவைக் கேளு. குதிரை மாதிரி போனேன். என் ஷூ உன் சட்டைல படக்கூட இல்ல."

"தாத்தா ஷூவா அது?"

"தாத்தா ஷூதான்."

சைராவின் மடியிலிருந்து இறங்கி வந்தான். ஷூவைத் தொட்டுப் பார்த்தான். பிறகு, கால் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டு, என் மடியில் சாய்ந்து உட்கார்ந்தான். அவன் தலையில் வெயில் வாசனையும் ஏரித் தண்ணீர் வாசனையும் அடித்தது. இந்த ஜூலையில், பிள்ளைகள் வந்து பதினெட்டு நாள் கழித்து, என் மடியில் உட்கார்ந்த முதல் பிள்ளை அவன்தான். நான் அசையாமல் இருந்தேன்.

எதிரில் தூமார் சைராவின் மடியில் ஏறி, கேட்டது கிடைத்த திருப்தியில் ஒரு ஆப்ரிகாட்டை வாயில் திணித்துக்கொண்டாள். சைரா அவள் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். கத்தி பிடித்தவள் நான், முத்தம் அவளுக்கு.

தூமார் சப்புவதை நிறுத்தினாள். என் மடியைப் பார்த்தாள். அங்கே சமத் சௌகரியமாகக் காலை நீட்டியிருந்ததைப் பார்த்தாள். ஆப்ரிகாட் வாயிலிருந்து விழுந்தது. கீழுதடு பிதுங்கியது. சைராவின் மார்பில் கையை ஊன்றித் தள்ளிக்கொண்டு, இரண்டு கையையும் என்னைப் பார்த்து நீட்டி, தொண்டை கிழிய அழ ஆரம்பித்தாள்.

சைரா அவளைக் குலுக்கினாள், தட்டினாள், ரொட்டியைக் காட்டினாள், சாவிக்கொத்தை ஆட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. முதல் தடவையாக அவளுக்குக் கை ஓடவில்லை.

"அக்கா, இது உங்க மடிதான் வேணுங்குது" என்றாள்.

சமத் எழுந்திருக்கப் போனான். நல்ல பையன். நான் அவன் இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டு இறுக்கிக்கொண்டு, அவன் காதில் மெதுவாகச் சொன்னேன்.

"எந்திரிக்காதடா. இன்னும் கொஞ்ச நேரம் அழட்டும்."